கொழுந்துத் தராசும் ஆள் தராசும்

ஊருக்குப் போனால் முதல் விசாரிப்பே உடம்பைப் பற்றித்தான். கொழும்பில் கடை வேலைக்குப் போய் ஆறு மாதம் கழித்து ரத்தோட்டைக்கோ எல்கடுவைக்கோ திரும்புகிற பையனைப் பார்த்து, லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி "நல்லா சதை போட்டிருக்கியே ராசா, கொழும்புச் சாப்பாடு ஒத்துப்போச்சு போல" என்று சொல்வார். அது பாராட்டு. மெலிந்து வந்தால்தான் கவலை. "என்னாச்சு, ஏதும் வருத்தமா?" என்று கேட்பார்கள். எங்கள் குழுவில் மாத்தளைப் பக்கத்தவர்கள் சிலர் இருக்கிறோம். எல்லார் வீட்டிலும் இதே வசனம்தான்.

இன்னொரு பக்கம், அதே பையனின் அப்பாவை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்குள் கூப்பிட்டு, தராசில் ஏற்றி, உயரம் அளந்து, இடுப்பைச் சுற்றி நாடா பிடித்து, "நிறை கூட இருக்கு, குறைக்கணும்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கஷ்டப்பட்டு வளர்த்த உடம்பை ஏன் குறைக்கணும்?

பாட்டியையும் அந்த அறையையும் பார்த்தபோது, இரண்டு பேச்சும் வேறு வேறு சரித்திரத்திலிருந்து வருவதாக எங்களுக்குப் பட்டது. அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பாட்டியின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுச் சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தது. மலைநாட்டுக்குள் நுழையும் வாசல் மாத்தளைதான். வாந்திபேதியிலும் பசியிலும் அந்த வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் கொடுக்க வேண்டும் என்று 1872இல் குடியேற்ற அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் எவ்வளவு கருணை இருந்தது என்று நாங்கள் அளக்கப் போவதில்லை. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரி நெடுங்காலமாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் நாளைக்கு வேலைக்குப் போவாரா, மாட்டாரா? காய்ச்சலுக்கு மருந்து, காயத்துக்குக் கட்டு, அவ்வளவுதான். தோட்டத்தில் தராசு இருந்தது. அதில் தினமும் கொழுந்தை நிறுத்தார்கள், கிலோவும் றாத்தலும் செக்ரோலில் ஏறின. கொழுந்து பறித்தவளின் நிறையை அப்படி நாள்தோறும் எழுதிவைக்க யாருக்கும் தேவை வரவில்லை.

மலைக்குக் கீழே, கிராமத்துப் பக்கம் கதை வேறு. 1934 கடைசியில் தொடங்கிய மலேரியா கேகாலையையும் குருநாகலையும்தான் அதிகம் வாட்டியது, மாத்தளையும் தப்பவில்லை. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியதில் நுளம்பு பெருகியது. நாடு முழுவதும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அறுவடை கெட்டு, பசியில் வாடிப்போயிருந்த உடம்புகளை அந்தக் காய்ச்சல் சுலபமாகச் சாய்த்தது. நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு சாப்பாட்டையும் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இலங்கையின் ஆரம்ப சுகாதார சேவை வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில், அமெரிக்க ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு தொடங்கியது. பிறகு படிப்படியாக நாடெங்கும் பரவியது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள். இந்த மருத்துவிச்சிதான் எங்கள் கதையில் முக்கியமான ஆள். அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஆளை எதிர்பார்க்கவில்லை. கர்ப்பிணியின் வீட்டுக்குப் போனார், பிள்ளை பிறந்த பிறகும் போனார். மாதாமாதம் பிள்ளையை நிறுத்து, அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்தார். கோடு சரிந்தால் திரும்பவும் வந்தார். நம்மில் பலரிடம் அந்த அட்டை இன்னும் வீட்டில் எங்கோ இருக்கும். இலங்கை குறைந்த செலவில் தாய்மாரையும் பிள்ளைகளையும் காப்பாற்றியது என்று உலகமே புகழும் விஷயத்தின் பாதி, இந்த அலுப்பில்லாத வீட்டு நடைதான். ஆனால் தோட்டங்கள் நெடுங்காலம் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே கம்பனிகளின் பொறுப்பில் கிடந்தன. மலையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடு பிந்தித்தான் வந்தது.

பிறகு 1973, 74. எங்கள் பாட்டிமார் 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்பது இதைத்தான். அரிசியும் மாவும் கிடைக்கவில்லை, தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள். தோட்டங்களில் பசியால் மனிதர்கள் செத்தார்கள். பல குடும்பங்கள் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று இறங்கின. அந்த நேரத்தில் பதினைந்து வயதாக இருந்தவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவள் வாயில் 'சதை போட்டிருக்கே' என்பது உயிர் பிழைத்தவர்களின் சந்தோஷம். இதை விளங்காமல் அவளுக்கு உடற்பருமன் பற்றி வகுப்பெடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

அந்தப் பசிக்கு நடுவில்தான் கோதுமை மா வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடையில் அரிசிக்குப் பதில் மா கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை ஓடத் தொடங்கியதும் மா இன்னும் நெருக்கமானது. விடியக் காலை பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கு ரொட்டியைவிட வசதியான சாப்பாடு எது? தட்டிச் சுட்டு, சம்பலோடு சுருட்டி, மலைக்கே கொண்டுபோகலாம். கூடவே சீனி போட்ட சாயம். நாள் முழுக்க மலையேறி இறங்கும் உடம்புக்கு அது எரிந்துபோகும். அதே சாப்பாட்டோடு ஒருவன் கடைக் கல்லாவிலோ ஓட்டோ சீட்டிலோ பத்து மணித்தியாலம் உட்கார்ந்தால் எரியாது.

நாட்டின் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2005–06இல் எடுத்த நாடளாவிய ஆய்வில் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. 2018–19இல் எடுத்த இன்னொரு ஆய்வில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு. 2015 அளவில் வயதுவந்தோரில் பத்தில் மூவர் உடல் நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டியிருந்தார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டப் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார், நாடு முழுவதற்கும் அது ஆறில் ஒருவர். ஒரே லயத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளையும் சீனி வருத்தக்காரத் தாத்தாவும் இருக்கலாம். இது முரண் போலத் தெரிந்தாலும் அப்படி இல்லை. பசித்த வயிற்றில் வளர்ந்து நிறை குறைவாகப் பிறந்த பிள்ளை, பின்னாளில் சாப்பாடு கூடும்போது நீரிழிவுக்குச் சுலபமாக ஆளாகிறது என்று பிரித்தானிய ஆய்வாளர்களான ஹேல்ஸும் பார்க்கரும் 1992இலேயே எழுதினார்கள். பஞ்ச காலத்துக் கருவறையின் கணக்கு, ஐம்பது வருஷம் கழித்து கிளினிக்கில் தீர்க்கப்படுகிறது.

தராசைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு 1830களில் பெல்ஜியத்து வானியலாளர் கெற்லே போட்டது. 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்று கண்டுபிடிக்கப் போட்டாரே தவிர, நோய் பார்க்கப் போடவில்லை. அதற்கு உடல் நிறைச் சுட்டெண் என்று 1972இல் பெயர் வைத்தவர் ஆன்செல் கீஸ். நம்ம உடம்புக்கு அது சரியாகப் பொருந்தாது என்பதற்கு ஒரு வேடிக்கையான படம் இருக்கிறது. 2004இல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டொக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துப் போட்ட படம். இரண்டு பேருக்கும் சுட்டெண் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதே வருஷம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று சொன்னது. ஆகவே 'நான் குண்டில்லையே' என்பவரும் அந்த அறைக்குப் போகவேண்டியவர்தான்.

அந்த அறைக்குப் பெயர் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம். ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு சுகாதார அமைச்சு 2008இல் ஒரு திட்டம் தொடங்கி, மாத்தளைக்கு இரண்டு பக்கமும் அயலில் இருக்கும் குருநாகலிலும் பொலன்னறுவையிலும் சோதித்துப் பார்த்தது. 2011இலிருந்து நாடெங்கும் பிரதேச ஆஸ்பத்திரிகளிலும் சிறிய வைத்திய நிலையங்களிலும் இந்த நிலையங்கள் திறந்தன. இப்போது சுமார் ஆயிரம் இருக்கும். நடுவயதினர் வருத்தம் வருமுன்னே வரவேண்டும் என்பதுதான் எண்ணம். நிறை, இடுப்பு, பிரஷர், இரத்தத்தில் சீனி பார்த்து, மாரடைப்பு வரும் ஆபத்தை வர்ண அட்டையில் காட்டி, சாப்பாடு, நடை, சிகரெட், சாராயம் பற்றி அறிவுரை சொல்லி, திரும்ப வரச்சொல்லி ஒரு திகதி கொடுப்பார்கள். எல்லாம் இலவசம். இதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனம் வராது. பல நாடுகளில் இப்படியொரு கதவே கிடையாது.

சிக்கல் 'திரும்ப வாங்க' என்ற இடத்தில்தான்.

வாழ்க்கைமுறையை மாற்றி நீரிழிவைத் தள்ளிப்போட முடியுமா என்று உலகம் முதலில் பெரிய அளவில் சோதித்தது 1986இல், சீனாவின் எண்ணெய் நகரமான டாச்சிங்கில். அங்கே சோதித்ததும் நம்ம ஊர்ப் பக்கம் இருப்பதுபோன்ற சாதாரண கிளினிக்குகளில்தான். 33 கிளினிக்குகளைக் குலுக்கிப் பிரித்து, சீனி எல்லையில் இருந்த 577 பேரை ஆறு வருஷம் தொடர்ந்தார்கள். சும்மா விட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீரிழிவு வந்தது, சாப்பாட்டையோ நடையையோ மாற்றியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வந்தது. முப்பது வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஆறு வருஷத்தின் பலன் இதயத்திலும் ஆயுளிலும் தெரிந்தது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. நிறையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது என்ற இலக்கோடு போனவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் மட்டும் 16 தனிப்பட்ட வகுப்புகள் கிடைத்தன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அந்தளவு காசு எங்களிடம் இல்லை என்று சொல்வீர்கள். சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவும் அதை யோசித்துத்தான் இறங்கியிருக்க வேண்டும். 531 பேர், நடுத்தர வருமான வேலைக்காரர்கள். அறிவுரை சொன்னபின் மாதம் ஒரு போன் கோல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு. ஏற்கனவே உடலுழைப்பில் இருப்பவர்களிடம் 'அதை விடாதீங்க' என்று மட்டும் சொன்னார்கள், மற்றவர்களை அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில், அறிவுரை மட்டும் கிடைத்த பொதுக் குழுவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது, போனில் தொடரப்பட்ட குழுவில் 39.3 சதவீதத்தினருக்கு. 2006இல் வெளியான இந்த முடிவில் எங்களை நிறுத்திய விஷயம் இன்னொன்று: அவர்களின் நிறை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையாமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது. 'மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோ குறையல' என்று கைவிட்டவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால்?

கொழும்பில் நீரிழிவு ஆபத்துள்ள இளம் வயதினரோடு டொக்டர் மஹேன் விஜேசூரிய குழு நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை அறிவுரை பெற்றவர்களுக்கு, வருஷத்துக்கொருமுறை பெற்றவர்களைவிட ஆபத்து குறைந்தது. சொன்ன விஷயம் ஒன்றுதான், எத்தனை தரம் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம். சொன்னவர்களும் டொக்டர்மார் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சக மனிதர்கள்.

ஏற்கனவே நீரிழிவு வந்தவர்களுக்கும் கதவு மூடவில்லை என்று அதே 2017இல் ஸ்கொட்லாந்திலிருந்தும் வட இங்கிலாந்திலிருந்தும் செய்தி வந்தது. 49 குடும்ப வைத்திய நிலையங்களில், நிலையத்துத் தாதியோ உணவு ஆலோசகரோ கூடவே நின்று, மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு சுமார் 850 கலோரியில் சூப்பும் ஷேக்கும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமலே நீரிழிவிலிருந்து மீண்டார்கள், வழமையான வைத்தியம் பெற்றவர்களில் 4 சதவீதம்தான். இரண்டாம் வருஷம் அது 36 ஆக இறங்கியது, விட்ட நிறை திரும்பியவர்களிடம் சீனியும் திரும்பியது. அந்தச் சூப் பவுடர் எங்கள் லயத்துக்கு வராது, வரவும் வேண்டாம். கூட நின்ற அந்தத் தாதி வரலாம்.

இதையெல்லாம் தமிழில் எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு ஒரு சொல் தடுக்கியது. இந்த வைத்திய முறையை எல்லோரும் 'கண்காணிப்புடன் கூடிய வாழ்க்கைமுறை மாற்றம்' என்கிறார்கள். தோட்டத்தில் கண்காணி யார் என்று நமக்குத் தெரியும். கடன் கொடுத்துக் கப்பலேற்றி, பிரம்போடு பின்னால் நின்று, பேர் போடவும் வெட்டவும் அதிகாரம் வைத்திருந்தவர். நூற்றைம்பது வருஷமாகக் கண்காணிக்கப்பட்ட சனத்திடம் போய், இனி உங்கள் தட்டையும் கண்காணிக்கிறோம் என்றால் எப்படிக் கேட்கும்? கிளினிக்கில் 'ஏன் குறைக்கல, சொன்னது கேக்கலயா' என்ற தொனி வந்துவிட்டால், அடுத்த திகதிக்கு ஆள் வராது. குறையாத நிறையோடு தராசில் ஏற யாருக்குத்தான் ஆசை? எங்களில் ஒருவரின் மாமா அப்படித்தான் ஒரு கிளினிக்கைக் கைவிட்டார். மருத்துவிச்சியும் கண்காணித்தார்தான். ஆனால் அவர் அட்டையில் கோடு சரிந்தபோது குற்றம் தாயின் தலையில் விழவில்லை, திரிபோஷா பக்கெட் வீட்டுக்கு வந்தது.

கண்காணிப்பு யார் கையில், யாருக்காக என்பது இன்னொரு இடத்திலும் வருகிறது. பெரும்பாலான நிலையங்கள் வார நாட்களில், காலையில் திறக்கின்றன. தோட்டத்தில் அந்தக் காலையில் போனால் பேர் போகும், இல்லாவிட்டால் அரைப் பேர். நாட்சம்பளக்காரர் தனக்கு வருத்தமே இல்லாதபோது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் கூலியை விடவேண்டும். ஆண்கள் இந்த நிலையங்களுக்கு மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆண்களின் அசட்டை என்று இதை முடித்துவிடுவது சுலபம். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் இரவெல்லாம் மரக்கறி மூட்டை தூக்கியவர் காலையில் தூங்குவாரா, வரிசையில் நிற்பாரா? வேலைத்தலத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. பெரட்டுக் களத்துக்கும், லொறித் தரிப்பிடத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும் அந்தத் தராசு வந்தால் என்ன?

நிறை ஏறுவதற்கான காரணமெல்லாம் ஆளுக்குள்ளே இல்லை என்பதும் அரசுக்குத் தெரியாததல்ல. 2016இல் சீனிப் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமானது. 2017இல் சீனி கிராமுக்கு வரி வந்தது, அடுத்த வருஷமே அதைக் குறைத்தார்கள். 2022 செப்டெம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்தின வருஷத்தைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்த மாதங்களில் 'தட்டில் பாதி மரக்கறி' என்ற அறிவுரையைத் தம்புள்ளைக்குப் பக்கத்தில் இருந்தே நாங்கள் கேட்டோம். மரக்கறி லொறி லொறியாக வீதியால் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் ரொட்டியும் சாயமும்.

எங்களில் ஒருவரின் பாட்டிக்கு, அவர் போகும் நிலையத்தில் ஒரு சின்னப் பதிவுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அடையாள அட்டையோடு சேர்த்து ஷொப்பிங் பேக்கில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் எழுதியிருக்கிறது. இரண்டாவது திகதியும் இருக்கிறது. அந்த வரியில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டோம். "அன்னைக்கு மழை, யாரும் கூட வரல" என்றார். இந்த மாதம் 14ஆம் திகதி பேரன் கூட்டிக்கொண்டு போகிறான். அவனையும் தராசில் ஏறச் சொல்லியிருக்கிறோம்.